பீடித் தட்டும் மாத்திரைப் பையும்

"ஏட்டி, அந்த வெரல்ல குத்தாத. இல மடக்கணும்லா."

முக்கூடல் பக்கம் ஒரு வளவு. காலை ஏழு மணி இருக்கும். சொன்னவர், பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி. ஊசியோடு எதிரே குத்தவைத்திருந்தவர் என் மைனி, அதாவது அண்ணி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர் சுகாதாரத் தன்னார்வலர். சுகர் பார்க்க எந்த விரல், எந்தக் கை என்பது இங்கே பெரிய விவகாரம். பீடி சுற்றுகிறவருக்கு வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தான் சோறு போடுகின்றன. அதில் ஊசி பட்டால் அன்றைக்குப் பூராவும் புகையிலைத் தூள் பட்டுக் காந்தும். அதனால் மைனி இடது கை மோதிர விரலின் ஓரத்தில்தான் குத்துவார். நுனிக்கு நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. எந்தக் கை என்பதை ஆச்சிமார்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

குத்துவதற்கு முன்னால் கையைக் கழுவச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கருப்பட்டியைத் தட்டிக் காப்பியில் போட்டிருப்பார்கள். விரலில் இனிப்புப் பிசுக்கு இருந்தால் மிஷின் அதையும் சேர்த்து எண்ணிக் காட்டிவிடும். ஒரு சித்திக்கு முந்நூறைத் தாண்டிக் காட்டி வீடே அழத் தொடங்கிவிட்டது. கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தால் பாதிகூட இல்லை. அழுகை நின்றது, ஆனால் ஒரு ஸ்ட்ரிப் போயிற்று. ஸ்ட்ரிப்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

கருப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். "சீனிய விட்டு ரெண்டு வருசம் ஆச்சு, இப்பம்லாம் கருப்பட்டிக் காப்பிதான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கருப்பட்டியில் சில தாது உப்புகள் உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். இரத்தத்தில் ஏறுகிற விஷயத்தில் சீனிக்கு அது பங்காளி. பனங்காட்டுக்காரர்களிடம் போய்க் கருப்பட்டியைக் குறை சொல்வது லேசில்லை. பூப்பெய்திய பிள்ளைக்கு உளுந்தங்களி, பிள்ளை பெற்றவளுக்கு மருந்து, இருமலுக்குக் கஷாயம் என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. டாக்டர் "விட்டுடுங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். மைனி பேரம் பேசுவார். மூன்று தம்ளரை ஒன்றாக்குவது, முழு வில்லையைக் கால் வில்லையாக்குவது. இரண்டு மாதம் கழித்து அளவு இறங்கினால் அந்தப் பேரம் ஜெயித்தது என்று அர்த்தம். எந்தக் கையேட்டிலும் இந்தப் பேரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

சரி, இந்த வேலை என்ன என்று பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இருக்கிறவர்களை வீட்டுக்கே போய்க் கண்டுபிடிப்பது, ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுப்பது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வண்டியில் வந்து பார்ப்பது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் பைகளை வீட்டில் சேர்ப்பது, இவைதான் அதன் வேலைகள். இதில் கதவைத் தட்டுகிறவர் மைனி போன்ற பெண். பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். மாநிலம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். பிரஷர் 140-க்கு 90-ஐத் தொட்டாலோ, நேரம் காலம் பார்க்காமல் எடுத்த சுகர் 140-ஐத் தாண்டினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்வது அங்கே டாக்டர், இவர் சல்லடை. 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தபோது பேப்பரில் வந்த படத்தை மைனி வெட்டி வைத்துக்கொண்டார்.

அவருடைய நாள் கடிகாரத்தைப் பார்த்து நடக்காது. இலைக்கும் தூளுக்கும் பீடிக்கடைக்குப் போகிற நேரம், சுற்றிய பீடியை எண்ணிக் கொடுக்கிற நேரம், நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிற நேரம், இவற்றுக்கு நடுவில் விழுகிற இடைவெளிதான் அவர் நாள். காலையில் வெள்ளனப் போனால் ஆள் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் போனால் பூட்டும், கோழியும், கட்டிலில் கிடக்கிற தாத்தாவும்தான் இருப்பார்கள். அதனால் பல நாள் மிஷினைத் தூக்கிக்கொண்டு குளத்தாங்கரைக்கே போய்விடுவார். வேலை நடக்கிற இடத்தில் ஒரு மரத்தடி, ஒரு கவிழ்த்த சட்டி, அவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி.

பிரஷர் பார்க்கிறவர் ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக்கூடாது என்பது விதி. மண்வெட்டியை அப்போதுதான் கீழே போட்டவருக்கு உடனே பட்டையைச் சுற்றினால் எண் கூடத்தான் வரும். உட்கார வைத்துவிடலாம், பேசாமல் இருக்க வைப்பதுதான் பெரும்பாடு. பட்டையில் காற்று ஏறும்போதுதான் எல்லோருக்கும் மருமகள் ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம்விடக் கடினமான வேலை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வைப்பது. காய்ச்சலுக்கு மாத்திரை தின்றால் காய்ச்சல் போகும். போன பிறகு தின்ன வேண்டாம். இது ஊருக்குத் தெரிந்த நியாயம், அதில் பிழையும் இல்லை. இரத்தக் கொதிப்பு அந்த நியாயத்துக்குள் வராது. வலிக்காது, சுடாது, இருமாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது. அளவு சரியாக இருப்பதைப் பார்த்து, "சரியாப் போச்சே, பெறவு எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வீட்டில் அலமாரியிலிருந்த பழைய பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்தால், முந்தைய மாதத்து மாத்திரை அட்டைகள் பாதி அப்படியே இருந்தன. அந்த ஆச்சி தினம் ஒன்றுக்குப் பதிலாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறார். மிச்சத்தை மகளுக்கு எடுத்து வைத்திருக்கிறாராம். மகளுக்கும் கொதிப்பு, அவள் இருப்பது திருப்பூரில். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்க லீவு கிடைக்காது.

இதற்கு என்ன சொல்வது? மைனி திட்டவில்லை. இரண்டு வீடு தள்ளி, கை கால் விளங்காமல் கிடக்கிற ஒருவரின் பெயரை மட்டும் சொன்னார். அவரும் மாத்திரையை நிறுத்தியவர்தான். ஆச்சி டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டார். சுவரொட்டி ஒட்டி விளங்கவைக்க முடியாததை அந்த ஒரு பெயர் விளங்க வைத்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்ல, அந்தத் தெருவில் யார் எப்போது விழுந்தார், ஏன் விழுந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுத்து வெளியூரிலிருந்து கொண்டுவர முடியாத அறிவு இது. அரசாங்கம் தன்னார்வலரைத் தேடுவதே இதற்காகத்தான். அவரைக் குறைந்த காசில் வைத்திருக்க முடிவதும் இதனால்தான் என்பது என் எண்ணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊரறிவுக்கு விலையும் உண்டு. எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று மைனிக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும். பீடி சுற்றுகிற வீடுகளில் இருமல் ஒரு வழக்கமான சத்தம். "தூளு இருமல்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளியைப் பார்க்க வேண்டும் என்பது காசநோய்த் திட்டத்தின் பாலபாடம். பார்த்து, இருக்கிறது என்று வந்துவிட்டால், "நீ பையத் தூக்கிட்டு வீட்டுக்கு வராத மைனி, பஸ் ஸ்டாப்புக்கு வாரேன்" என்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு. அவரும் பஸ் ஸ்டாப்பில் ஏதோ முறுக்குப் பொட்டலம் கொடுப்பதுபோலச் சுருட்டிக் கொடுப்பார். ஊரில் வம்பு பேசாத ஒரே ஆள் என்ற பெயரை அவர் சம்பாதித்தது இப்படித்தான். கல்யாண வீட்டில் நாலு பேர் கூடிப் பேசும்போது அவர் எழுந்து இலை போடப் போய்விடுவார்.

சாதியைச் சொல்லாமல் நெல்லைச் சீமையின் எந்தத் தெருவையும் விளக்க முடியாது. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே மிஷின் போகிறது, ஒரே பட்டை எல்லோர் கையையும் சுற்றுகிறது. அந்த அளவுக்கு நல்லது. ஆனால் எந்த வீட்டில் பட்டாசலுக்குள் கூப்பிடுவார்கள், எந்த வீட்டில் படியோடு நிறுத்துவார்கள், யார் வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் பழையபடியே இருக்கிறது. மைனி எப்போதும் சொந்தமாக ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருப்பார். வெயிலுக்கா என்று ஒருமுறை கேட்டேன். "வெயிலுக்குத்தான்" என்றார், கொஞ்சம் நேரம் கழித்து.

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை புரண்டபோது கரண்ட் போன வீடுகளில் அடுத்த கவலை இன்சுலின். ஃபிரிட்ஜ் சும்மா நிற்கிறது. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் மருந்தைத் தனிப் பாத்திரத்தில் வைத்து மூடச் சொல்லி மைனி போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறது. பதநீர்ப் பானை வைத்துப் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி அந்தத் 'தன்னார்வலர்' என்கிற சொல்லுக்கு வருவோம். ஊரிலேயே ஒருவரைப் பழக்கி ஊர் நோயைப் பார்க்க வைக்கலாம் என்ற யோசனைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. விடுதலைக்கு முன்பே தேசியத் திட்டக் குழுவின் கீழ் ராணுவ மருத்துவ அதிகாரி சோக்கி தலைமையில் அமைந்த துணைக்குழு, ஆயிரம் பேருக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் வேண்டும் என்றது. 1977 அக்டோபர் 2-இல் மத்திய அரசு அந்த ஆயிரம் கணக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கொரு சுகாதாரப் பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். தமிழ்நாடு அதில் சேரவில்லை. இங்கே சிறு சுகாதார மையங்கள் என்று வேறு ஏற்பாடு இருந்தது. 2005-இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஆஷாக்கள் என்கிற ஊர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்களைக் கொண்டுவந்தபோதும் மறுபடி அதே ஆயிரம் பேர் கணக்குத்தான். தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையமும் கிராம சுகாதார செவிலியரும் ஏற்கெனவே ஊன்றியிருந்ததால், மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும்தான் ஆஷாக்களைப் பெரும்பாலும் பார்க்க முடியும்.

நர்சம்மா என்று ஊர் கூப்பிடுகிற கிராம சுகாதார செவிலியருக்குக் கர்ப்பிணிகள், தடுப்பூசி, பிள்ளைகளின் எடை என்று கை நிறைய வேலை. அவை தொற்றுநோய்க்கும் பிரசவ மரணத்துக்கும் எதிராக அமைந்த வேலைகள், அதில் மாநிலம் ஜெயிக்கவும் செய்தது. ஜெயித்ததால் ஜனங்களுக்கு ஆயுள் கூடியது. ஆயுள் கூடியதோடு சுகரும் பிரஷரும் வந்தன. அந்தப் புதிய பாரத்துக்கு வந்தவர்தான் மைனி. ஆனால் இந்த முறை ஆயிரத்துக்கு ஒருவர் இல்லை. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது பொதுவான கணக்கு. தன்னார்வலரும் ஏறத்தாழ நிலையத்துக்கு ஒருவர். ஊரறிவை நம்பிப் போட்ட திட்டம், ஒருவர் அறிந்திருக்கக்கூடிய ஊரைவிட ஐந்து மடங்கு பெரிய ஊரை அவர் தலையில் வைத்திருக்கிறது. மைனிக்குத் தன் ஊரில் ஒவ்வொரு வீட்டின் அங்கணம் வரைக்கும் தெரியும். இரண்டு மைல் தள்ளியிருக்கிற அடுத்த ஊரில் அவரும் கதவைத் தட்டிப் பேர் சொல்ல வேண்டிய ஆள்தான்.

காசு விஷயம். மாதம் 4,500 ரூபாயில் தொடங்கி 5,500 ஆனது. அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. பஸ் கிடைக்காத ஊருக்கு ஆட்டோ, செல்போனுக்கு ரீசார்ஜ் எல்லாம் அதற்குள்தான். அதனால் மைனி ராத்திரி பீடியும் சுற்றுகிறார்.

இங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கை தென்படுகிறது. அவர் பீடித் தட்டை மடியில் வைத்திருக்கிற நேரத்தில் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி. மாத்திரைப் பையைத் தூக்கியதும் தன்னார்வலர்.

பீடிக்கு இது சும்மா வந்துவிடவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர் எங்கள் ஆளே இல்லை, எப்போது சுற்றுகிறார், எவ்வளவு சுற்றுகிறார் என்று நாங்கள் பார்ப்பதில்லை என்பதுதான் முதலாளிமாரின் நெடுநாள் வாதம். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றது. 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 1977-இல் பீடித் தொழிலுக்கு பி.எஃப். வந்தது. ஆம், சுகாதாரப் பணியாளருக்கு மதிப்பூதியம் 50 ரூபாய் என்று முடிவான அதே ஆண்டு. வீட்டில் சுற்றுகிறவருக்கும் பி.எஃப். உண்டா என்று வழக்குப் போனபோது 1985-இல் உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. காரணமாக நீதிபதிகள் பார்த்தவற்றில் ஒன்று, எங்கள் ஊர்ப் பெண்கள் தினமும் எரிச்சலோடு பார்க்கிற விஷயம்: கடையில் பீடியை எண்ணும்போது சரியில்லாததைக் கழித்துப் போடுவது. கழித்துப் போட உரிமை இருக்கிறதென்றால் அவர்களை வேலை வாங்குகிறாய் என்றுதானே அர்த்தம்?

இந்த அளவுகோலை மாத்திரைப் பைக்கும் வைத்துப் பார்க்கலாம். இன்றைக்கு எந்தத் தெரு என்று பட்டியல் வருகிறது. எத்தனை பேரைப் பார்த்தாய் என்று சாயந்திரம் வாட்ஸப் குழுவில் கேள்வி வருகிறது. பார்த்தவர்களைச் செல்போன் செயலியில் ஏற்றாவிட்டால் பார்க்காததுபோலத்தான். எங்கள் பக்கம் டவர் கிடைக்கிற இடம் தண்ணீர் டேங்க் படிக்கட்டு. நாலாவது படியில் ஏறி நின்றுகொண்டு மைனி எண்களை ஏற்றுவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். பீடிக்கடையில் கழித்துப் போடுகிற கை வெளியே தெரியும், இங்கே அது செயலிக்குள் இருக்கிறது.

இதைச் சொன்னால் எதிர்வாதம் ஒன்று வரும். பணியாளர் ஆக்கினால் இடமாற்றம் வரும், மேசை வரும், ஊர்க்காரி அதிகாரியாகிவிடுவாள், பிறகு யார் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக்குப் பேரம் பேசுவது என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் பீடித் தொழிலாளிக்கு பி.எஃப். வந்ததால் அவர் வாசல்படியை விட்டு எழுந்து போய்விடவில்லையே. 2013-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு, அங்கன்வாடி, ஆஷா, சத்துணவு போன்ற திட்டங்களில் வேலை செய்பவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் வேலை வேலைதான் என்ற பக்கம் நீதிமன்றம் ஒரு காலை எடுத்து வைத்திருக்கிறது. அந்தக் கால் இன்னும் மைனி இருக்கிற தெருவுக்கு வந்து சேரவில்லை.

போன சித்திரையில் குழுக் கடனுக்காக அவரோடு வங்கிக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இதுல என்ன போட?" சுகாதாரத் தன்னார்வலர் என்று எழுதுங்கள், அதுதானே காலையிலிருந்து செய்கிறீர்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'பீடி' என்று எழுதினார்.

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "பீடிக்கடை பாஸ் புத்தகம் இருக்கா?"

"இருக்கு சார்" என்று மைனி மாத்திரைப் பையைத் திறந்து, அட்டைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.